காப்பரை எங்கே கழட்டணும், எங்கே விட்டு வைக்கணும்?



கே.கே. நகர் 80 அடி ரோட்டுல போகும்போது ஒரு தடவை கம்பங்களை நிமிர்ந்து பாருங்க. வட்டமா சுருட்டிக் கட்டின மெல்லிய கறுப்பு கேபிள்கள் தொங்கும். பெரும்பாலும் அதெல்லாம் ஃபைபர்தான். தெரு வரைக்கும் வந்த இந்த ஃபைபரை ஒரு ஆபீஸோ ஹாஸ்பிட்டலோ உள்ளே எடுக்கும்போது எதை மாத்தணும், எதை மாத்தக் கூடாது? நாளைக்கு நெட்வொர்க் வேலைக்குப் போனா முதல்ல நம்மகிட்ட வர்ற கேள்வி இதுதான். "எல்லாத்தையும் ஃபைபர் ஆக்கிடலாம் சார்" என்பது சரியான பதில் இல்லை.

ஏன் மாறணும்?

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியபோது, வீட்டு லேண்ட்லைன் வந்த அதே காப்பர் ஜோடியில்தான் இன்டர்நெட்டும் வந்தது. அந்த ஏ.டி.எஸ்.எல். முறையில், மேம்பட்ட வகையிலேயே, டவுன்லோட் அதிகபட்சம் 24 மெகாபிட். அப்லோட் சுமார் 1 மெகாபிட்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் இன்னும் குறையும்.

இப்போ ஒரு ஸ்கேன் சென்டரை நினைச்சுக்கோங்க. ராத்திரி விபத்துல தலையில அடிபட்ட ஒருத்தருக்கு சி.டி. எடுத்தாச்சு. படங்கள் மொத்தம் 500 மெகாபைட். வேற ஊர்ல இருக்கிற டாக்டர் பார்த்து ரிப்போர்ட் சொல்லணும்.

500 × 8 = 4000 மெகாபிட்.
1 மெகாபிட் அப்லோட்: 4000 விநாடி, அதாவது 67 நிமிஷம்.
100 மெகாபிட் ஃபைபர்: 40 விநாடி.

மூளைக்குள்ள ரத்தக் கசிவு இருக்கான்னு தெரிய ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. சினிமா டவுன்லோட் பண்ற நமக்கு அப்லோட் வேகம் கண்ணுல படாது. ஆனா தொழில் நடத்துறவங்களுக்கு அதுதான் முக்கியம்.

இடி மழை

ஐப்பசி மாசம் மதுரையில இடி எப்படி இறங்கும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பிளாக்குக்கு நடுவே லேன் கேபிள் இழுத்திருந்தா, இடி பக்கத்துல விழும்போது ரெண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் வரும். அந்த மின்சாரம் காப்பர் வழியா ஓடி ரெண்டு பக்க ஸ்விட்சையும் எரிச்சிடலாம். ஃபைபர் கண்ணாடி, அதுல மின்சாரம் ஓடாது. அதனால கட்டடம் விட்டுக் கட்டடம் போற லைனை முதல்ல மாத்துங்க. ஒரு எச்சரிக்கை: சில ஃபைபர் கேபிள்ல பாதுகாப்புக்கு இரும்புக் கவசமோ தாங்கு கம்பியோ இருக்கும். அதை முறையா எர்த் பண்ணணும், இல்லைன்னா உலோகமே இல்லாத கேபிளா வாங்கணும்.

கட்டடத்துக்குள்ளே

ஈதர்நெட் காப்பருக்கு எல்லை 100 மீட்டர். கேட்-6 கேபிள்ல 10 கிகாபிட் வேணும்னா 55 மீட்டர்தான். சிங்கிள் மோடு ஃபைபர்ல சாதாரண 10 கிகாபிட் மாட்யூலே 10 கிலோமீட்டர் போகும். எனவே மாடிக்கு மாடி போற முதுகெலும்பு லைன் ஃபைபரா இருக்கட்டும்.

ஆனா கடைசி 20, 30 மீட்டரை, அதாவது மேஜைக்கும் சிசிடிவி கேமராவுக்கும் போற லைனை, காப்பராவே விடுங்க. காரணம் பி.ஓ.இ. அதே கேபிள்ல டேட்டாவோட கரண்ட்டும் போகுது: முதல் தரத்தில் 15.4 வாட், அடுத்ததில் 30, இப்போ 90 வாட் வரை. கண்ணாடி இழை இந்த வேலையைச் செய்யாது. ஃபைபர் இழுத்தா ஒவ்வொரு கேமராவுக்கும் தனியா ஒரு பிளக் பாயிண்ட் வேணும்.

ஒரு கணக்கு

ஜிபான் என்ற முறையில்தான் பெரும்பாலும் வீட்டுக்கும் சின்ன ஆபீஸுக்கும் ஃபைபர் வருது. ஒரே இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் 32 பேருக்குப் பிரிக்குது. 10 லாக் 32 போட்டுப் பாருங்க, 15 டெசிபல் வரும். நடைமுறையில் 17 வச்சுக்கலாம்.

ஸ்ப்ளிட்டர்: 17
5 கி.மீ. ஃபைபர் × 0.35: 1.75
6 ஸ்ப்ளைஸ் × 0.1: 0.6
4 கனெக்டர் × 0.5: 2
மொத்த இழப்பு: 21.35 டெசிபல்

அனுப்பும் பக்கம் குறைந்தது +1.5 டிபிஎம். அப்போ வந்து சேர்வது -19.85 டிபிஎம். வாங்கும் பெட்டி -27 வரை தாங்கும். கையில் சுமார் 7 டெசிபல் மிச்சம். கேபிளைக் கதவிடுக்குல மடக்கினாலோ, 9 மைக்ரான் கோர்ல தூசி உட்கார்ந்தாலோ இந்த மிச்சம்தான் முதல்ல கரையும். கனெக்டரைத் துடைக்காம சொருகாதீங்க. இன்னொன்னு, ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்காதீங்க. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைக் கெடுக்கும்.

கரண்ட் போனா?

பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் கொடுத்தது. ஊர் முழுக்க இருட்டானாலும் போன் அடிக்கும். ஃபைபர் பெட்டிக்கு நாமதான் கரண்ட் கொடுக்கணும். பிரிட்டனில் காப்பர் போன் சேவையை 2025 டிசம்பரில் நிறுத்துவதாக இருந்து, 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். தனியா வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் அந்த லைனை நம்பி இருந்தது முக்கியக் காரணம். நம்ம ஸ்கேன் சென்டருக்கும் இதே பாடம்தான்: எஸ்டிமேட்ல ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச் ரெண்டுக்கும் யு.பி.எஸ். சேர்க்காம கையெழுத்துப் போடாதீங்க.

நகரத்தோட இது நிக்கப் போறதில்லை. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கு. ஸ்ப்ளைஸ் பண்ணவும், இழப்பை அளக்கவும் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கும்.

வீட்டுல ஃபைபர் இருந்தா, இன்னைக்கே மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்துல லாகின் பண்ணி ஆப்டிகல் பவர் எவ்வளவுன்னு பாருங்க. -27-க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கீங்கன்னு கணக்குப் போட்டுக்கோங்க. அடுத்த தடவை மழையில நெட் படுத்தா, எங்கே தேடணும்னு உங்களுக்குத் தெரியும்.