தேனும் தினைமாவும்

முருகப் பெருமானுக்கு உகந்த நிவேதனங்களுள் சிறப்பானது தேனும் தினைமாவும். இது வந்த கதையைக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் இறுதியில், வள்ளியம்மை திருமணப் படலத்திலே கூறுகின்றார். பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை.

வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து, வள்ளி எனப் பெயரிட்டு வளர்த்தான். அவள் வளர்ந்து தினைப்புனம் காத்துவந்தாள். ஒருநாள் முருகன் கிழவராய் வந்து பசிக்கிறது என்றார். புனத்தில் அடுப்பில்லை, சோறில்லை. ஆயினும் வள்ளி அவரை வெறுங்கையுடன் அனுப்பவில்லை. தேனும் தினைமாவும் கொடுத்தாள். தாகம் என்றதும் சுனைக்கு அழைத்துச் சென்றாள்.

தினையை வறுத்து இடித்து, தேன் விட்டுக் குழைத்தாற் போதும். சீனியும் நிறமும் வேண்டாம். ஆடிவேல் இரதம் பார்க்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் பலர் தினைக்கதிரைக் கண்டதில்லை. வீட்டில் ஒருமுறை செய்து, கதையையும் சொல்லிக் கொடுப்போம்.

வந்தவர் யாரென்று வள்ளி அறியவில்லை, அறியாமலே கொடுத்தாள். அதுவே இந்த நிவேதனத்தின் பெருமை. படையலைக் கண்டு கைகூப்பும் பிள்ளை, கோயில் வாசலிற் பசியோடு நிற்கும் முதியவரையும் காணப் பழகவேண்டும்.