விஷம் தலைக்கு ஏறுவதில்லை

பாம்பு கடித்தவரின் இமைகள் சொருகத் தொடங்கியதும், விஷம் தலைக்கு ஏறிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் பதறுகிறார்கள். தூங்கவிட்டால் உயிர் போய்விடும் என்று கன்னத்தில் தட்டுகிறார்கள், முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள், வேப்பிலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்கிறார்கள். மேலே ஏறாமலிருக்கக் கடிவாய்க்கு மேல் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். அக்கறையோடு செய்கிற இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: விஷம் மூளையைத் தாக்கி நினைவை அணைத்துவிடுகிறது. ஆனால் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்தால் உயிருக்கு ஆபத்து வருவது மூளையிலிருந்து அல்ல. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலிருந்து.

மூச்சை இழுக்கும்போதும் இமையைத் தூக்கும்போதும் நரம்பு நுனி அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. எதிரே தசையில் உள்ள ஏற்பி அதைப் பிடித்ததும் தசை சுருங்குகிறது. நல்ல பாம்பின் விஷத்திலுள்ள ஆல்ஃபா நச்சுப் புரதங்கள் அந்த ஏற்பியை முந்திக்கொண்டு அடைத்துவிடுகின்றன. பூட்டின் துளையில் ஈர்க்குச்சியை முறித்துச் செருகிவிட்டால் சாவி நுழையாது அல்லவா, அப்படித்தான். 1963இல் தைவானின் சாங், லீ என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள கட்டுவிரியன் இனமொன்றின் விஷத்திலிருந்து ஆல்ஃபா-பங்கரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடாத இந்த நச்சின் துணையோடுதான், 1970இல் மின்விலாங்கின் மின்னுறுப்பிலிருந்து அந்த ஏற்பியையே பிரித்தறிய முடிந்தது. கீரி மூலிகை தின்று விஷத்தை முறிக்கிறது என்ற கதைக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கீரியின் தசை ஏற்பியில் நச்சு ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. அதனால் நச்சு அங்கே பற்றுவதில்லை.

மூளையிலும் இதே குடும்பத்து ஏற்பிகள் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் மூளைத் திசுவின் மீது ஆல்ஃபா-பங்கரோடாக்சினை நேரடியாக இட்டால், நினைவாற்றலோடு தொடர்புடைய பகுதிகளில்கூட அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கடிபட்டவரின் உடலில் நச்சு இரத்தம் வழியாக வர வேண்டும். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் பெரிய புரதங்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. புகையிலையின் நிக்கோட்டினும் இந்தக் குடும்பத்து ஏற்பிகளில் செயல்படுவதுதான். மிகச் சிறிய மூலக்கூறு என்பதால், புகைத்த சில நொடிகளில் அது மூளைக்குள் போய்விடுகிறது. பாம்பின் நச்சோ அதைப்போல் பல மடங்கு பெரியது.

அப்படியானால் கண் செருகி, பேச்சற்றுக் கிடப்பது ஏன்? இமையையும் நாக்கையும் அசைக்கும் தசைகள் ஓய்ந்துவிட்டன, அவ்வளவே. அப்படிக் கிடப்பவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு இருக்கும். பக்கத்தில் பேசுவது கேட்கும். கட்டுவிரியன் கடியில் கண்மணிகூட விரிந்து அசைவற்று நிற்பதுண்டு; அதை மூளைச்சாவு என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையில் கட்டுவிரியன் கடித்தவர்களில் சிலர் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறைவதைக் குலைப்பதால் மூளையில் கசிவும் ஏற்படலாம். ஆனால் நரம்பு நச்சால் வருகிற முதல் ஆபத்து மூச்சு நிற்பது. அதைக் கவனிக்காமல் விட்டால்தான், பிராணவாயு இன்றி மூளை கெடுகிறது.

ஆகவே விழித்திருக்க வைப்பதால் பயனில்லை. தூக்கம் நச்சைத் தூண்டுவதுமில்லை, விழிப்பு அதைத் தடுப்பதுமில்லை. இறுக்கிக் கட்டிய கயிறு கை கால்களை அழுகச் செய்யலாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல பாம்பு கடியில் மருந்து நேரத்தோடு கிடைத்தால் தசைகள் பெரும்பாலும் சீக்கிரம் மீள்கின்றன. கட்டுவிரியன் விஷயம் வேறு. அதன் பீட்டா நச்சு நரம்பு நுனியையே சிதைக்கிறது. சிதைந்தபின் மருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. நுனி மீண்டும் வளரும்வரை பல நாள்கள் வென்டிலேட்டர்தான் மூச்சைத் தாங்க வேண்டும்.