பழைய படகு வாங்குமுன்

புதுப்படகுக்கு வசதியில்லாதபோது பழைய பைபர் படகு நமக்குக் கைகொடுக்கும். ஆனால் புதுப் பூச்சைக் கண்டு ஏமாறலாகாது.

முதலில் இயந்திரம் பூட்டும் பின்பலகையைச் சோதிப்போம். பைபருக்குள் இருப்பது பெரும்பாலும் மரப்பலகையே. போல்ட் துளைவழியே நீர் இறங்கினால், வெளியே தெரியாமல் உக்கிவிடும். சிறு சுத்தியலால் தட்டும்போது ஓசை மந்தமாக இருந்தாலோ, இயந்திரத்தை அசைக்கையில் பலகை நெளிந்தாலோ வாங்க வேண்டாம்.

அடுத்து இயந்திரத்தின் கியர் எண்ணெய். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது.

அணியத்திலுள்ள இலக்கம் பதிவுப் பத்திரத்துடன் ஒத்திருக்கிறதா? படகின்மேல் கடன் நிலுவை உண்டா? கூட்டுறவுச் சங்கத்திலும் கடற்றொழில் பரிசோதகரிடமும் விசாரிப்போம். பெயர் மாற்றும்வரை முழுப்பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

இதற்கு ஒருநாள் தொழில் போனாலும் பரவாயில்லை. அந்தப் படகை நம்பித்தானே நம் பிள்ளைகளும் கடலுக்குப் போகிறார்கள்.