ஸ்தாபனத்தின் உடலும் உயிரும்

ஒரு ஸ்தாபனத்திற்கு அமைப்பு உடல். அதனுட் பயிலும் பண்பு உயிர். யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர், எவ்வேலை எவருடையது என்பன அமைப்பு. மேலோர் காணாதபோதும் ஊழியர் எவ்வாறு நடப்பர் என்பதே பண்பு.

இதற்குச் சான்று தேடிப் பழங்காநத்தத்தில் வாழும் நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்றபின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அங்கே கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று, கண்ணைப் பரிசோதித்தல், நோயாளரை ஆயத்தஞ் செய்தல் முதலியவற்றை ஏற்கின்றனர். வைத்தியர் சத்திர சிகிச்சையிலேயே கருத்தூன்றுகின்றார். ஒருவருக்குச் சிகிச்சை முடியுமுன் அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தமாயிருப்பார். இஃது அமைப்பு.

ஆயின் விரைவு மட்டும் உயர்வாகாது. பொருளுடையோர் செலுத்துங் கட்டணத்தால் ஏழைகளுக்கும் பார்வை அளித்தல் வேண்டும் என்பது அங்குள்ள கொள்கை. அக்கொள்கை ஊழியர் நெஞ்சில் இல்லையேல், அதே ஒழுங்கு நோயாளரை வெறும் எண்ணிக்கையாக்கிவிடும். அமைப்பின்றி இரக்கம் மட்டும் இருப்பினோ, அது சிலரோடு நின்றுவிடும். வாயிலிற் காத்திருப்போர் இருளோடே திரும்புவர்.

ஆதலின் கல்லூரி நீங்கிப் பணிபுகும் மாணவர், எங்கும் முதலில் இரண்டினை நோக்குக. ஆணை எவ்வழிச் செல்கின்றது? ஆணையில்லாவிடத்து யாது நிகழ்கின்றது? பின்னதே அவ்விடத்தின் உண்மை இயல்பைக் காட்டும்.