தேயிலைக் கத்தரி: வாங்குமுன் மாதிரி செய்து பாருங்கள்

நீலகிரி மாவட்டத்தில் தேயிலை பயிரிடுவோரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். இவர்களுக்கு இன்று உள்ள பெரிய கஷ்டம் கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காததாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் கொழுந்து பெருகும். அந்தச் சமயத்தில் உரிய நாளில் பறிக்காவிட்டால் இலை முற்றிவிடும். கரட்டு இலை கலந்த மூட்டைக்குத் தொழிற்சாலையில் நல்ல விலை கிடைக்காது. எனவே பலரும் கையால் பறிப்பதை விட்டுக் கத்தரிக்கு மாறி வருகிறார்கள்.

ஒரு தோட்டத்தில் நன்றாக உழைக்கும் கத்தரி, அடுத்த தோட்டத்தில் சில நாளிலேயே பரணுக்குப் போய்விடுவது உண்டு. இதற்குக் காரணம் கருவியின் பழுது அல்ல. பிடிப்பவரின் உடலுக்கும், செடியின் உயரத்துக்கும், நிலத்தின் சரிவுக்கும் அது பொருந்தவில்லை என்பதே காரணம். பணத்தைக் கொடுத்த பின் இதைத் தெரிந்துகொள்வதைவிட, முன்பே தெரிந்துகொள்ளும் வழிகளைக் கீழே காண்போம்.

கோவை கற்பித்த பாடம்

ஒரு கருவியைப் பயன்படுத்துபவர்களிடமே கொடுத்துச் சோதித்துத் திருத்தும் முறைக்கு நல்ல உதாரணம் பக்கத்து மாவட்டமான கோவையில் உள்ளது. முன்பு கிராமங்களில் போடப்பட்ட வார்ப்பிரும்புக் கைப்பம்புகள், ஒரு குடும்பம் உபயோகிப்பதற்காக அமைந்தவை. ஊரே வரிசையில் நின்று காலை முதல் மாலை வரை அடித்தபோது அவை தாங்கவில்லை. 1970களில் யுனிசெப் உதவியுடன் ‘இந்தியா மார்க் 2’ என்ற உறுதியான பம்பு உருவானது. நீர்மட்டம் மிக ஆழத்தில் இருந்த கோவைப் பகுதியில் அதன் மாதிரிகள் சோதிக்கப்பட்டன.

சோதனை அதோடு நிற்கவில்லை. 1980களில் கோவைப் பகுதியில் மீண்டும் கள ஆய்வு நடந்தது. பம்பு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தாலும் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு வெளியூரிலிருந்து வண்டியும் ஆட்களும் வரவேண்டும். அதுவரை பெண்கள் குடத்துடன் வேறு இடம் தேட வேண்டும். இக்குறையைப் போக்க, குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கக்கூடிய ‘மார்க் 3’ பம்பு வந்தது. பட்டறையில் தெரியாத குறை கிராமத்தில்தான் தெரிந்தது.

நீலகிரிக்கும் இது புதிதல்ல. கோத்தர்கள் வழிவழியாக இரும்பு வேலை செய்து படுகர்களுக்கும் தோடர்களுக்கும் கருவிகள் கொடுத்து வந்தார்கள். செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே மலையில் இருந்ததால், பிடி சரியில்லை என்றால் கொண்டுபோய்க் காட்டித் திருத்திக்கொள்ள முடிந்தது. இன்று கருவி எங்கோ ஓர் ஆலையில் தயாராகிறது. ஆகவே அந்தச் சோதனையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

முதலில் வேலையின் கதையைக் கேட்க வேண்டும்

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். “கத்தரி வாங்கலாமா?” என்று கேட்டால், “வாங்கலாங்க” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் பயனில்லை. “நேற்று காலையில் மலை ஏறியதிலிருந்து மூட்டை எடை போடும் வரை என்னவெல்லாம் நடந்தது, சொல்லுங்க அக்கா” என்று கேட்க வேண்டும். எந்தச் சரிவில் கால் வழுக்கியது, மழையில் எவ்வளவு நேரம் போயிற்று, எந்த இடத்தில் செடி தோளுயரம் வளர்ந்துவிட்டது என்பதெல்லாம் அந்தக் கதையில் வெளிவரும். கத்தரி எதைத் தீர்க்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே புரியும். செடிதான் உயரம் என்றால் முதலில் செய்ய வேண்டியது கவாத்து.

செலவில்லாத மாதிரி

இரண்டு மூங்கில் குச்சி, ஒரு கெட்டி அட்டை, ஒரு சாக்குத் துண்டு போதும். கத்தரியின் நீளத்துக்கு மூங்கிலை வெட்டி, அலகு இருக்கும் இடத்தில் அட்டையையும், கொழுந்து விழும் இடத்தில் சாக்கையும் கட்டவும். உண்மைக் கத்தரியின் எடை வரும்படி ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டவும். இது வெட்டாது. ஆனால் கைப்பிடி எவ்வளவு நீளம் வேண்டும், இரு வரிசைக்கு நடுவே திரும்ப முடிகிறதா, எத்தனை நிமிடத்தில் தோள் வலிக்கிறது என்பதை ஒரே காலையில் காட்டிவிடும்.

தோட்டத்தில் சோதனை

அடுத்து, ஒரு கத்தரியை இரவல் பெற்று, ஒரே வயதும் ஒரே கவாத்தும் உள்ள 200 செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 100 செடியில் கையாலும் 100 செடியில் கத்தரியாலும் பறிக்க வேண்டும். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்:

1. உயரமானவர், குள்ளமானவர், வயதானவர், புதியவர் என நான்கு பேராவது பிடித்துப் பார்க்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர் இருந்தால் அவரையும் விட்டுவிடக்கூடாது.

2. வெயில் நாளில் மட்டுமின்றி மழை நாளிலும், சமனான இடத்தில் மட்டுமின்றிச் சரிவிலும் சோதிக்க வேண்டும். இரு கையும் கத்தரியில் இருக்கும்போது, வழுக்கினால் பிடித்துக்கொள்ளக் கை இராது.

3. ஒவ்வொரு சுற்றிலும் மூட்டையைக் கலக்கி 100 கிராம் எடுத்துத் தரம் பிரிக்கவும். இளங்கொழுந்து 70 கிராம் இருந்தால் அது 70 சதவீதம். மீதியில் கரட்டு இலை எவ்வளவு, கிழிந்த இலை எவ்வளவு என்று தனித்தனியே குறித்துக்கொள்ளவும்.

4. முதல் நாள் எடையை நம்பக்கூடாது. கத்தரி ஆழமாக இறங்கினால், செடிக்கு உணவு தயாரிக்கும் பராமரிப்பு இலையும் சேர்ந்து வந்து எடையைக் கூட்டும். பின்வரும் சுற்றுகளில் செடி நலிந்து கொழுந்து குறையும். எனவே குறைந்தது மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வெட்டு மட்டத்தை உயர்த்தும் தகடு கத்தரியின் அடியில் பொருத்தப்படுவது இதற்காகவே.

வாயைவிடக் கை உண்மை பேசும்

முதலாளி அருகில் நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே கேள்வியைக் குறைத்து, வேலையைக் கவனிக்க வேண்டும். எங்கே நின்று கையை உதறுகிறார், எப்போது பிடியை மாற்றுகிறார் என்று பாருங்கள். கைப்பிடியில் ஒருவர் துணி சுற்றியிருந்தால், பிடி வழுக்குகிறது அல்லது கையை உறுத்துகிறது என்று பொருள். இரண்டாம் நாளே கத்தரியை வைத்துவிட்டுக் கையால் பறிக்கத் தொடங்கினால், கோபிக்காமல் காரணத்தைத் தேட வேண்டும். திருத்தும்போது ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவும். பிடியையும் தகட்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

ஊராருக்குச் சொல்லும் முறை

சோதனை முடிந்ததும், கத்தரி பிடித்தவரையே ஊர்க் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். அவர் நலனோடு குறையையும் சேர்த்துச் சொல்வார். “மழையில் சாக்கு கனத்தது, தோள் வலித்தது, சாக்கைச் சிறிதாக்கியபின் சரியாயிற்று” என்று கேட்பவர், தம் தோட்டத்துக்கு எது ஏற்கும் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்வார். விலைப்பட்டியலோடு வரும் விளம்பரம் இதைச் சொல்லாது.

அதிக விலையுள்ள பேட்டரி அறுவடை இயந்திரம் வாங்குவோருக்கு இச்சோதனை இன்னும் அவசியம். ஐந்தாறு விவசாயிகள் கூடி ஒரே இயந்திரத்தைச் சோதித்தால் செலவு பகிர்ந்துபோகும். வெட்டு மட்டம், அறுவடை இடைவெளி, கவாத்து ஆகியவை பற்றிக் குன்னூரில் உள்ள தேயிலை வாரிய அலுவலகத்திலோ, உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை பெறலாம். சோதனைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி உடன் கொண்டு சென்றால், உங்கள் தோட்டத்துக்கு ஏற்ற யோசனை கிடைக்கும்.