நரை அணிலின் வாழ்க்கை

வல்லத்திராக்கோட்டைப் பகுதியில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு எலி என்றாலே பகைதான். வயல் எலி வரப்பைத் துளைத்துக் கதிரை அறுக்கிறது; வீட்டெலி நூலைக் கடித்து நாசம் செய்கிறது. எலி, அணில், முள்ளம்பன்றி யாவும் கொறிக்கும் பிராணிகள் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால், எதையேனும் கொறித்து அவற்றைத் தேய்ப்பது இவற்றுக்கு அவசியமாகிறது. ஆயினும் இக்குலத்தில் யாவும் நமக்குப் பகையல்ல; அருகி வருவனவும் உண்டு. அவற்றுள் ஒன்று நரை அணில்.

சாம்பல் நிற மலை அணில் என்றும் இதனை அழைப்பர். உரோம நுனிகள் வெளுத்திருப்பதால் உடல் நரைத்தாற்போல் தோன்றும். மூக்கு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ இரண்டரை அடி நீளம். எடை ஒரு கிலோவுக்கு மேல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இது வாழ்கிறது. நம் மாநிலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சாரல் இதன் முக்கிய இருப்பிடம்.

இது பகலில் இரை தேடும். பழம், விதை, இளந்தளிர், மரப்பட்டை ஆகியவை இதன் ஆகாரம். தரையில் இறங்குவது அரிது. கிளைக்குக் கிளை தாவியே செல்லும். அடுத்த மரங்களின் கிளைகள் தொட்டு நிற்கும் உச்சியில் சுள்ளியும் இலையும் கொண்டு கூடு கட்டும். பருந்து முதலிய பகை வந்தால் உடனே அடுத்த மரத்துக்குத் தப்புவதற்கே இந்த ஏற்பாடு.

இதன் வாழ்வும் ஆபத்தும் இக்கிளைத் தொடரில்தான் அடங்கியுள்ளன. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் உடனே முடிந்துவிடுவார். ஓடைக்கரை மரம் ஒன்று வீழ்ந்தால், அவ்விடைவெளி நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அணில் தரையில் இறங்கி நாய்க்கும் வேட்டைக்காரருக்கும் இலக்காகும். எலியைப் போல் ஏராளமாக ஈனுவதுமில்லை; ஆகவே இழந்த தொகை எளிதில் மீள்வதில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கெனச் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. எனினும் மலையடிவாரத் தோப்புகளின் புளியும் மாவும் இவ்வணிலுக்கு உதவுவதால், அங்குள்ள விவசாயிகளின் ஒத்துழைப்பும் இன்றியமையாதது.

நம் ஊரில் நரை அணில் இல்லை. ஆயினும் நம் கண்மாய்க்கரை மரங்களையும் பறவைகளும் சிற்றணில்களும் நம்பியிருக்கின்றன. ஒரு மரத்தை வெட்டுமுன், அதன் கிளை எவ்வெவற்றுக்கு வழியாக இருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பது நம் கடமையாகும்.