அசைக்காமல் காப்போம்

மாமல்லபுரத்தை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையும், செங்கல்பட்டு வழியே தெற்கு நோக்கி விரையும் திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் இரவு பகலாக ஓய்வறியாதவை. அங்கே விபத்து நேர்ந்தால் சுற்றியிருப்போர் ஓடிவருவர். ஒருவர் தோளைப் பற்றுவார். ஒருவர் காலைத் தூக்குவார். மற்றொருவர் தண்ணீர் புகட்டுவார். அடிபட்டவரை ஆட்டோவில் மடக்கி ஏற்றி அனுப்பிய பின்னரே அனைவரும் நிம்மதி கொள்வர். அவர்களது இரக்கத்தில் குறையில்லை. ஆயினும், முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த அவசரமே அவரை வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடக்கூடும்.

தண்டுவடம்

பிறக்கும்போது மனித முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவிலுள்ள குழாய் போன்ற பாதையில் தண்டுவடம் செல்கிறது. மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் கொண்டுசேர்ப்பது அதுவே. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். அறுபட்ட தண்டுவடத்தை முழுமையாகச் சீராக்க இன்றைய மருத்துவத்தாலும் இயலவில்லை. கழுத்துப் பகுதியில் அது சிதைந்தால் கை, கால்களுடன் மூச்சும் பாதிக்கப்படும். முறிந்த எலும்பு விபத்தின்போது தண்டுவடத்தைத் தொடாமல் தப்பியிருக்கலாம். பின்னர்க் கழுத்தைத் திருப்பும் ஒரு கணத்தில் அதைக் குத்திவிடலாம்.

அறிகுறிகளும் முதலுதவியும்

கழுத்திலோ முதுகிலோ வலி, கைகால்களில் மரத்துப்போதல், அசைக்க இயலாமை, தன்னையறியாமல் சிறுநீர் கழிதல் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். பலத்த அடிபட்டு நினைவிழந்தவருக்கும் தண்டுவடக் காயம் இருப்பதாகவே கருதவேண்டும்.

முதலில் வாகனங்கள் மோதாதவாறு இடத்தைப் பாதுகாத்து, 108 எண்ணை அழைக்கவேண்டும். “அசையாதீர்கள், உதவி வருகிறது” என்று அடிபட்டவரிடம் அமைதியாகக் கூறவேண்டும். அவரது தலையை இருந்த நிலையிலேயே இரு கைகளாலும் அசையாமல் தாங்கிக்கொள்ளவேண்டும். உட்காரவைத்தலும் தண்ணீர் புகட்டுதலும் கூடா. மூச்சுக்குத் தடையில்லாதபோது தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது. குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம். வாந்தி எடுத்தால் பலர் சேர்ந்து தலை, கழுத்து, முதுகு ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு உடலை ஒருங்கே பக்கவாட்டில் திருப்பவேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தும் உயிர்காப்பு முறையே முதன்மை பெறும். தீ போன்ற பேரிடர் சூழ்ந்தால் மட்டுமே இடம்மாற்றலாம்.

கடற்கரையிலும் இக்காயம் நேர்வதுண்டு. ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்பவரின் கழுத்து மணல்தரையில் மோதி முறியலாம். அத்தகையவரை முகம் மேல்நோக்கி இருக்குமாறு மிதக்கவிட்டு, தலையைத் தாங்கியபடியே கரைசேர்க்கவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்ட நடவடிக்கைகளிலிருந்து காக்கிறது.

எனவே, அஞ்சி விலகவேண்டியதில்லை. பதறித் தூக்கவும் வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவரது தலையை அசையாமல் தாங்கியிருக்கும் இரு கைகள், அவர் மீண்டும் எழுந்து நடக்கும் வாய்ப்பைக் காக்கின்றன.